"நாங்களே செய்து பார்க்கிறம் அக்கா"

ஆணி விற்பவளுக்கு, அந்த ஆணி எந்தச் சுவரில் ஏறுகிறது என்ற கவலை இருக்கக் கூடாது. எனக்கு இருக்கிறது, என் தொழிலில் உள்ள வில்லங்கமே அதுதான்.

புங்குடுதீவில், குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் நானும் என் கணவர் சிவாவும் ஒரு சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறோம். அவர் சாமான் எடுக்க அடிக்கடி யாழ்ப்பாணம் போய்விடுவார். கடையில் நிற்பது பெரும்பாலும் நான்தான். எங்கள் பக்கத்தில் மேசனையோ தச்சரையோ கூப்பிட்டால் "நாளைக்கு வாறன்" என்பார்கள். அந்த நாளை வராது. ஆகவே இப்போது எல்லோரும் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "பெரிய செலவில்லை, நாங்களே செய்து பார்க்கிறம் அக்கா" என்று வந்து நிற்கிறார்கள். நல்ல விஷயம்தான். என் கடையின் தட்டுகளில் பாதி நானே அடித்தவை. ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஆனால் நிற்கும். கடை வைத்திருக்கும் சகோதரங்களே, சாமானைச் சுற்றிக் கொடுத்த பிறகு, "இந்த மனுசன் இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகுது" என்று நெஞ்சு இடிக்கிறதே, அந்த இடி உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

பூச்சாடிக் கொளுக்கி

நிமலன் எங்கள் கடைக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். ஒருநாள் வந்து கூரை முகட்டு வளை மரத்தில் திருகுகிற கொளுக்கி ஒன்று கேட்டார். "என்னத்துக்கு?" என்றேன். "பூச்சாடி தூக்க" என்றார். பூச்சாடிக்கு எது போதுமோ அதைக் கொடுத்தேன். பின்னேரம் வியாபாரம் இல்லாத நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஊரார் போட்ட படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமலன் ஒரு படம் போட்டிருந்தார். கார் டயரை அரைவாசியாக வெட்டி, மஞ்சளும் சிவப்பும் பூசி, விறாந்தையில் ஊஞ்சல். அவருடைய மகள் அதில் இருந்து சிரிக்கிறாள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மேலே வளையில் என் கொளுக்கி.

எடுத்த அழைப்புக்குப் பதில் இல்லை. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை நல்ல உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தகப்பன் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். கொளுக்கியின் வாய் அகன்று, கயிறு அதன் நுனிக்கு வந்துவிட்டது. கத்தினால் பிள்ளை பயந்து குதிக்கும். கீழே சீமெந்து நிலம். சத்தம் போடாமல் முன்னால் போய் நின்று, ஊஞ்சல் என் பக்கம் வந்தபோது பிள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். வெறும் டயர் பின்னால் போய், திரும்பி வருமுன் 'தொம்' என்று நிலத்தில் விழுந்தது. நிமலனின் முகத்தில் இரத்தமே இல்லை. பூச்சாடி என்று ஏன் சொன்னார் என்று பிறகு கேட்டதற்கு, ஊஞ்சல் என்றால் விலை கூடிய கொளுக்கியைத் தருவேன் என்று நினைத்தாராம். அப்போது என் கையில் இருந்த பிள்ளை மட்டும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டது: "அன்ரி, இப்ப உங்கடை முறையோ?"

உப்புக்கறை

எங்கள் தண்ணீரில் உப்பு இருப்பதால், குளியலறை ரைல்ஸ் எவ்வளவு வெள்ளையாகப் பதித்தாலும் கொஞ்சக் காலத்தில் மஞ்சளாகிவிடும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர், லண்டனில் இருந்து மச்சாள் வரப்போகிறாள் என்று அசிட் போத்தல் ஒன்று வாங்கினார். "தனிய இதை மட்டும், நிறையத் தண்ணி விட்டு, கதவு யன்னலைத் திறந்து வைச்சுப் பாவியுங்கோ ரீச்சர்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஓம் ஓம் என்று போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய கணவர் சைக்கிளில் வந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தது. "மூக்குக்குக் கட்டுற மாஸ்க் இருக்கோ அக்கா? நல்லா மணக்குது" என்றார். அசிட்டுக்கு நெடி உண்டு, ஆனால் இவ்வளவு கண் சிவக்காது. "வேறை என்னவும் கலந்தவவோ?" என்றேன். "கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடர் வீட்டிலை கிடந்தது. அதையும் போட்டால் இன்னும் வெள்ளையா வருமாம், வீடியோவிலை காட்டினவங்கள்." அந்த இரண்டையும் சேர்த்தால் நஞ்சுப் புகை. "ரீச்சர் இப்ப எங்கை?" என்று கேட்டேன். "உள்ளுக்கைதான் நிண்டு தேய்க்கிறா" என்றார்.

அவரைச் சைக்கிளை விடச் சொல்லி, சிவாவின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நெடி வீட்டுக்குள் வரக் கூடாதாம். கூப்பிட்டோம், பதில் இல்லை. கணவர் சால்வையை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனார். அவர் திரும்பி வருமட்டும் நான் அந்த முற்றத்தில் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். ரீச்சரை இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்து வந்து வேப்பமரத்தடியில் இருத்தினார். இருமல் நெஞ்சைப் பிளந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. ஓட்டோ வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போதும் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தபடி இருந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று குனிந்தேன். இருமலுக்கு நடுவே சொன்னார்: "ஆனா உள்ளுக்கை போய்ப் பாருங்கோ, கறை முழுக்கப் போயிட்டுது."

கறுப்பு வயர்

யோகன் கனடாவில் இருந்து லீவில் வந்து, பூட்டிக்கிடந்த நாற்சார் வீட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். வண்ணம் பூசினார், யன்னல் பூட்டு மாற்றினார், எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. பிறகு கூரை ஃபான் பூட்டும் வேலைக்கு வந்தார். வயரும் அதைச் சுற்றி ஒட்டுகிற ரேப்பும் வாங்கிப் போன அன்று மத்தியானம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, தந்த ரேப் காணும், இன்னும் தேவையில்லை. கறுப்பு வயரின்ரை நுனியை நல்லாச் சுத்தி மூடிட்டன். இனிப் பயமில்லை. மிச்சம் சிவப்புத்தான், அதைப் பல்லாலை சீவி எடுக்கிறன்" என்றார்.

கனடாவில் கறுப்பு வயரில்தான் கரண்ட் வருமாம்; இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இங்கே பழைய வீடுகளில் சிவப்புத்தான் கரண்ட் வயர். கறுப்பு ஒன்றும் செய்யாது. "யோகன், வாயிலை வைக்காதேங்கோ, மெயினை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. எங்கள் தீவில் சிக்னல் போவது புதினம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அப்படி நினைக்க மனம் விடுமா? வழியெல்லாம் அந்த வீட்டு விறாந்தையில் அவர் எப்படிக் கிடக்கிறார் என்ற படம்தான் கண்ணுக்குள் ஓடியது. வாசலில் மோட்டார் சைக்கிளைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன்.

மனுசன் மேசைக்கு மேல் கதிரை வைத்து, கதிரைக்கு மேல் நின்றார். சிவப்பு வயர் பல்லுக்கு நடுவே இருந்தது. உயிரோடு இருந்தார். நான் முதலில் மெயின் சுவிச்சை இழுத்து விழுத்தினேன். பிறகுதான் பார்த்தேன், மூலையில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் எனக்கு முன்னமே நின்றிருந்தது. என் கடையிலும் ஃபான் நின்றிருந்ததை அப்போதுதான் நினைத்தேன். ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். யோகன் வயரை வாயிலிருந்து எடுத்து, சலித்துக்கொண்டு கேட்டார்: "இந்தக் கரண்ட் எப்ப அக்கா வரும்? வேலை பாதியிலை நிக்குது."

வலைக்கு மேல்

கீதாவின் கணவர் கடற்றொழில் செய்பவர். இரண்டு வயது மகனை வைத்துக்கொண்டு, உயரமில்லாத, பதிந்த கட்டுள்ள கிணற்றுப் பக்கத்தில் சீவிப்பது எப்படிப்பட்ட பயம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் ஒரு யோசனை செய்தாள். உக்கிய கட்டிலின் இரும்புச் சட்டத்தை எடுத்து, கணவரின் பழைய வலையை அதில் இறுக்கி, என்னிடம் வாங்கிய கட்டுக்கம்பியால் சுற்றிவர முறுக்கி, கிணற்றுக்கு மூடி செய்தாள். போய்ப் பார்த்தேன். அருமையான வேலை. வருகிறவர்களிடம் எல்லாம் நான் அதைப் புகழ்ந்து சொல்லிப் புளுகினேன்.

மழைக்காலம் ஒன்று போனது. ஒருநாள் காலை கீதா தொலைபேசியில், காதுக்குள் குசுகுசுப்பது போல, "அக்கா, சத்தம் போடாமல் வாங்கோ. பிள்ளை வலைக்கு மேலை" என்றாள். போனேன். கட்டோடு கவிழ்ந்து கிடந்த வாளியில் ஏறி, பிள்ளை வலையின் நடுவுக்குத் தவழ்ந்து போய் இருக்கிறான். வலை அவன் பாரத்தில் தொட்டில் மாதிரித் தொய்ந்திருந்தது. அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். அவன் கையைத் தட்டித் தட்டி விளையாடுகிறான். உப்புக் காற்றில் கட்டுக்கம்பி துருப்பிடித்துப் போயிருந்தது. அவன் அசையும்போது ஒரு முடிச்சு 'டிக்' என்று அறுந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். கீதா விரலை உதட்டில் வைத்தாள். கூப்பிட்டால் எழும்பி நிற்பான், எழும்பினால் வலை தாங்காது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டத்தை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன், வேறென்ன செய்ய?

கீதா கிணற்றுக் கட்டின் மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள், எட்டவில்லை. பின்வாங்கி, பிள்ளையைப் பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியில் இருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்தாள். கடதாசியைச் சரசரவென்று பிரித்தாள். ஒன்றைத் தான் கடித்தாள். "நல்ல ருசி" என்று தனக்குத்தானே சொன்னாள். குரலில் நடுக்கம் இல்லை. முதுகில் மட்டும் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பிள்ளை தலையைத் திருப்பினான். தவழத் தொடங்கினான். 'டிக்.' இன்னொன்று. என் பக்கத்து வலை சரிந்தது. நான் சட்டத்தை விட்டு வலையையே விரல்களில் கொழுவிப் பிடித்தேன். பிஸ்கட்டுக்கு நீண்ட அந்தக் குட்டிக் கையைக் கீதா மணிக்கட்டோடு பிடித்து இழுத்து நெஞ்சில் அணைத்தாள். பிறகு நாங்கள் இருவரும் கிணற்றடிச் சேற்றிலேயே இருந்துவிட்டோம். பிள்ளை மடியில் இருந்து பிஸ்கட் தின்றான். அவன் வாயைத் துடைத்தபடி கீதா சொன்னாள்: "வலை தாங்கினது எண்டு சந்தோசப்படுறதோ அக்கா, வலை இல்லாட்டில் அவன் ஏறியே இருக்கமாட்டான் எண்டு அழுறதோ?"

முருகைக்கல்

நெடுந்தீவுக்காரர் குறிகாட்டுவானில் வள்ளம் ஏறுமுன் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். செல்வி அப்படி வருபவள். அவளுடைய தகப்பன் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு விடமுன், குளியலறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி கட்டாயம் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் விழுந்தால் ஆள் எழும்ப மாட்டார் என்றும் சொன்னாராம். குழாயும் திருகாணியும் வாங்கிப் போனாள். அவர் வருகிற நாள் காலையில் தொலைபேசி எடுத்து அழுதாள். அவர்கள் வீட்டுச் சுவர், கடலில் எடுத்த பழைய முருகைக்கல். துளைத்தால் மாவாகக் கொட்டுகிறது, திருகாணி நிற்கவில்லை. நான் பெரிய ஆணி சொன்னேன், சீமெந்து குழைத்து அடைக்கச் சொன்னேன். அதுவும் சுவரோடு பெயர்ந்து வந்தது. "அப்பா வெளிக்கிட்டிட்டார் அக்கா" என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, அந்த ஐயாவை ஏற்றி வந்த வான் எங்கள் கடை வாசலில் தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்து நின்றது.

நானும் நீளமான திருகாணிகளும் இரும்புத் தகடும் எடுத்துக்கொண்டு அவர் ஏறிய வள்ளத்திலேயே ஏறினேன். கடல் குழம்பியிருந்தது. வள்ளம் தூக்கிப் போடும்போதெல்லாம் ஐயா பல்லைக் கடித்தார். நான் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். "நான் ஆரையும் பிடிச்சுப் பழக்கமில்லை" என்றார். நான் கொண்டுபோன ஒன்றும் அந்தச் சுவரில் நிற்காது என்று எனக்கே தெரியும்.

போய்ப் பார்த்தால் செல்வி சுவரைக் கைவிட்டிருந்தாள். குளியலறை நிலத்தைக் கிண்டி, இரண்டு பனங்குத்தியைக் கல்லோடு இறுக்கி நட்டு, குழாயை அவற்றில் துளைபோட்டுக் கொழுவியிருந்தாள். கை முழுக்கக் கொப்புளம். ஐயா கைத்தடியோடு வாசலில் நின்று பார்த்தார். "இதென்ன மாட்டுக்குக் கட்டையோ?" என்று சொல்லி, குழாயைத் தொடாமல் சுவரைப் பிடித்து உள்ளே காலை வைத்தார். கைபட்ட இடத்தில் சுவர் பொருபொருவென்று உதிர்ந்தது. தடி வழுக்கியது, கால் சறுக்கியது. அவர் கை காற்றில் ஒருதரம் துழாவி, குழாயைப் பிடித்தது. முழுப் பாரமும் அதில் விழுந்தது. குத்திகள் அசையவில்லை. அப்படியே தொங்கி நின்று, மெல்ல நிமிர்ந்தார். நானும் செல்வியும் ஓடிப்போய்ப் பிடிக்கவும் பயந்து, வாசலிலேயே நின்றோம். ஐயா இரண்டாவது கையையும் குழாயில் வைத்தார். ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் கீழை, பதிச்சு வைச்சிருக்கலாம் பிள்ளை."

இப்படியே காலம் போய், இப்போதெல்லாம் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பெண்ணையும் மாப்பிள்ளையையும் அல்ல, பந்தல் கட்டின கயிற்றைத்தான்.