டி பிளாக்குக்குப் பதினாலாவது வருஷம்

அடைக்கலமேரி கட்டிய வீட்டில்தான் அடைக்கலமேரி குடியிருக்கிறாள். காசு போட்டுக் கட்டியதல்ல, தலையில் சுமந்து கட்டியது. புதுக்கோட்டையில் அறந்தாங்கி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வீடில்லாதவர்களுக்கென்று அரசாங்கம் அடுக்குமாடி எழுப்பியபோது ஆவூரிலிருந்து வேலைக்கு வந்த சித்தாள் அவள். டி பிளாக்கின் மூன்று மாடிக்கும் கலவைச் சட்டி ஏற்றியிருக்கிறாள். பிறகு அதே பிளாக்கின் உச்சி மாடியில் அவளுக்கும் ஒரு வீடு ஒதுக்கினார்கள். புருஷன் அதற்கு முன்பே தவறிவிட்டான். ஐந்து வயது மகன் ஜோஸைக் கையில் பிடித்துக்கொண்டு குடியேறிய அன்று, "இந்தச் செவுத்துக்கு என்னைய நல்லாத் தெரியும்டா" என்றாள்.

இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கட்டடத்தைத் திறக்கத்தான் ரிப்பன் வெட்டுவார்கள், பார்த்துக்கொள்வதற்கு எவன் வெட்டுகிறான்? மொட்டை மாடித் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியெல்லாம் துருவேறியது. ஜோஸ் குவைத்துக்குப் போனான், அறந்தாங்கியில் மெர்லினைக் கட்டினான், ஒரு பெண் குழந்தையும் ஆனது. மூன்று வருஷத்துக்கு முன் லீவில் மூவரும் வந்து தங்கியிருந்தார்கள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. மெர்லின் அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"ரூஃபச் சரி பண்ணட்டும்மா, அப்பறமா வந்து தங்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான் ஜோஸ். அதற்கப்புறம் ஒரே ஒரு லீவு. மாமியார் வீட்டில் இறங்கியவன், இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனான்.

கூரைதான் காரணமா, இல்லை கூரை ஒரு சாக்கா என்று அவள் கிளறிப் பார்த்ததில்லை. கூரை சரியானால் பிள்ளை வருவான், அவ்வளவுதான். அவன் அறையில் அவள் படுப்பதுகூட இல்லை. தினமும் கூட்டித் துடைத்துவிட்டு, அடுப்படியில் வந்து முடங்கிக்கொள்வாள். ஏங்கி ஏங்கிப் பாதி உடம்பாகிவிட்டாள். யாராவது கேட்டால் சுகர் என்று சொல்லிவிடுவாள்.

போன தை மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இடிந்த பிறகு ஓடிவரும் வேலை இனி இல்லையாம். வீடு வீடாக நிலைமையைப் பார்த்து, எந்த பிளாக்குக்கு எந்த வருஷம் என்ன வேலை என்று முப்பது வருஷத்துக்குச் சேர்த்துத் திட்டம் போடப்போகிறார்களாம்.

அங்கேதான் டி பிளாக் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கண்ணாத்தாள் படி ஏறி இறங்கிச் சொல்லிவிட்டாள்: "ஆபீசருங்க வாராங்க. நாலு பேரு வாற எடத்துல அழுக்கும் அசிங்கமுமாவா நிப்பீங்க?" பொங்கலுக்குக்கூட அப்படி ஒரு வெள்ளையடிப்பு நடந்ததில்லை. படிக்கட்டெல்லாம் கோலம். அடைக்கலமேரி மணலைச் சலித்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று, கழுத்து வலிக்க வலிக்கக் கூரையைத் தானே பூசினாள். காலமெல்லாம் கொத்தனார் கையையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்குப் பூச்சு வராதா? கண்ணாடி மாதிரி வந்தது.

இளம் இன்ஜினியர் எழிலரசன் வந்தான், அண்ணாந்து பார்த்தான், போட்டோ எடுத்தான். "சூப்பரா வச்சிருக்கீங்கம்மா" என்று 'நல்ல நிலை'யில் டிக் அடித்தான். "வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேரு சார்" என்றாள் அவள். கூச்சமே படவில்லை.

பட்டியல் வந்தது. ஒட்டடைகூட அடிக்காத சி பிளாக்குக்கு முதல் வருஷம். டி பிளாக்குக்குப் பதினாலாவது வருஷம். கண்ணாத்தாள் இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை. அடைக்கலமேரி நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினாள். பதினாலு வருஷம் கழித்து ஜோஸுக்கு நாற்பத்து நாலு. பேத்திக்குப் பதினெட்டு. அப்புறம் அவள் எதற்கு இங்கிட்டு வரப்போகிறாள்?

ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள். மறுநாளே ஆபீசுக்குப் போனாள்.

"போட்டோவுல புதுசாட்டம் இருக்கேம்மா" என்றான் எழிலரசன்.

"புதுசுதான் சார். பூசுனது நாந்தான். உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல, நீங்க வந்து தட்டிப் பாருங்க."

மறுநாள் காலையில் வந்தான். அவளே துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையைத் தட்டிக்கொண்டே போனாள். சுவரோரம் டங்கென்றது, நடுவில் பொத்தென்றது. அவனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கம்பியை எடுத்துக் கூரையில் ஓங்கிக் குத்தினாள். தன் கையால் பூசியதைத் தானே உடைத்தாள். காரை பலகை பலகையாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பொரிந்து கிடந்தது.

"இதுக்குக் கீழயாம்மா இருக்கீங்க?" என்றான் எழிலரசன். அங்கேயே 'நல்ல நிலை'யை அடித்து 'மோசம்' என்று எழுதினான். "நாளைக்கே மத்த வீடுகளையும் தட்டிப் பாத்துடுறேன். ரெண்டாவது வருஷத்துக்குள்ள வந்துரும்மா."

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அடுப்படியில் ஒரு பாய், ஒரு தட்டு. கையிலிருந்த தாளைப் பார்த்தான். "நாலு பேருன்னு எழுதியிருக்கு. நெசமா எத்தனை பேரும்மா? தனி ஆளுன்னா, வேலை நடக்கையில வேற பிளாக்ல ஒத்த ரூம் வீட்டுக்கு மாத்திருவாங்க. திரும்ப இந்த வீடு கெடைக்காது."

கூரை விஷயத்தில் பொய் பூசிப் பட்டது போதும் என்றிருந்தது அவளுக்கு. "நான் ஒருத்திதான் சார்."

அவன் நாலை அடிக்கப் பேனாவை வைத்தான்.

"தம்பி, இந்தத் திட்டம் எத்தனை வருஷத்துக்கு?"

"முப்பது வருஷத்துக்கும்மா."

"முப்பது வருஷத்துல ஒரு தடவ வந்து தங்க மாட்டானாய்யா எம்புள்ள?"

எழிலரசன் பேனாவை மூடிப் பையில் வைத்தான். தாளில் நாலு அப்படியே இருந்தது.