பத்து மணி என்று போட்டது நான்

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் நாலு வருடம் ஒரு நீச்சல் அணியின் செய்திகளை நான்தான் எழுதினேன்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்போது வேலை பார்த்தேன். மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிற வேலை. என் மகள் ஆறாம் வகுப்பில் நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். அவளுடைய பயிற்சியாளர் போட்டி விண்ணப்பங்களை ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். ஒருநாள் நான் தட்டச்சு செய்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு நீங்க மெசேஜ் போடுங்களேம்மா. நான் போட்டா யாருக்கும் புரிய மாட்டேங்குது" என்றார்.

அது உண்மைதான். அவர் போடுகிற செய்தி இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. 'நாளை லீவு' என்று வரும். குளத்துக்கு லீவா, பள்ளிக்கூடத்துக்கு லீவா என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதிலுக்கு அவர் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

அப்படித்தான் சனிக்கிழமை சாயங்காலங்கள் என் வசமாயின. கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மாஸ்டருக்குப் போன் போடுவேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு, பிறகு ஒழுங்காக எழுதுவேன். திங்கட்கிழமை குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள், பயிற்சி கிடையாது. அடுத்த ஞாயிறு போட்டி, பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, ஆதார் நகல் இரண்டு. முடி நீளமாக இருக்கிற பிள்ளைகள் தொப்பி இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. இவையெல்லாம் அவர் சொன்னவை. கீழே நானாகச் சில வரிகள் சேர்ப்பேன். யாரோ ஒரு வாண்டு முதல்முறையாக நிற்காமல் நாலு தடவை நீந்திப் போய் வந்தது, இன்னொன்று வாயில் விசிலோடு குதித்து விசிலைத் தொலைத்தது, குளத்துக்குள் ஒரு தவளை வந்து மாஸ்டர் வலை போட்டுப் பிடிப்பதற்குள் பயிற்சி நேரமே முடிந்தது என்று.

பிள்ளைகள் தேதியும் நேரமும் படித்தார்களோ இல்லையோ, அந்தக் கடைசி வரிகளைப் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்துக்குப் போனால் ஈரத்தோடு ஓடிவந்து, "ஆன்ட்டி, என்னப் பத்தி எப்ப போடுவீங்க?" என்று கேட்பார்கள். அவர்கள் கையில் ஒட்டியிருக்கும் குளோரின் வாசம் என் புடவையில் சாயங்காலம்வரை இருக்கும். இப்போது எங்காவது பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தால் எனக்கு மருத்துவமனை நினைவுக்கு வருவதில்லை, அந்தக் காலைகள்தான் வருகின்றன. நாங்கள் குடியிருந்த அதியமான்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில், பைபாஸ் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பின்னால் தூங்கி வழியும் மகளை முழங்கையால் இடித்து எழுப்பிக்கொண்டே போன காலைகள்.

அணியில் பதினாலு பிள்ளைகள். பதிமூன்று பேர் தருமபுரியும் சுற்றுவட்டாரமும். ஒருத்தி மட்டும் பொம்மிடி. அவள் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள், பஸ்ஸில், அப்பாவோடு. அவர் கொத்தனார். அவள் நீந்தக் கற்றது குளத்தில் இல்லை. அவர்கள் ஊர்க் கிணற்றில், முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு. முதல் நாள் அவள் தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை அறைந்து அறைந்து நீந்தியதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் நீந்து என்றார். ஆறு மாதத்தில் அவளைத் தொட அணியில் ஆள் இல்லை. என் மகளும் அவளும் ஒரே வயது, ஒரே பிரிவு, ஒரே போட்டிகள். என் மகள் எப்போதும் அவளுக்கு இரண்டு உடல் நீளம் பின்னால் வருவாள்.

அந்த வருடம் சேலத்தில் ஒரு போட்டி. பிள்ளைகள் இருவருக்கும் அப்போது பதிமூன்று வயது. சனிக்கிழமை கடையில் ஒரே கூட்டம், ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாஸ்டர் போனில் சொன்னதை அவசரமாகக் கேட்டுக்கொண்டேன். புதிதாக எழுத நேரமில்லை. போன மாதம் ஓசூர்ப் போட்டிக்குப் போட்ட செய்தியை அப்படியே எடுத்து, ஊரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், அனுப்பிவிட்டேன். ஓசூரில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சேலத்தில் எட்டு மணி. அந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை. தருமபுரிப் பிள்ளைகளை மாஸ்டரே வேனில் ஏற்றிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டார். நானும் அதில்தான் போனேன். பொம்மிடிப் பெண் மட்டும் அங்கிருந்தே ரயிலில் நேராகச் சேலம் வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் எழுதியதை நம்பி ரயில் பார்த்தது அவளும் அவள் அப்பாவும் மட்டும்தான்.

எட்டு மணிக்கு அவளைக் காணோம் என்றதும் மாஸ்டர் அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். "வண்டி டேனிஷ்பேட்டை தாண்டிருச்சுங்க சார், வந்துட்டே இருக்கமுங்க" என்றாராம். ரயில் தாமதம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். எட்டரைக்கு நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடங்கியது. நாலாவது லேன் காலியாக இருந்தது. ஐந்தாவது லேனில் என் மகள். மூன்றாவதாக வந்து சுவரைத் தொட்டாள்.

அதுவரை அவள் ஒரு மெடலும் வாங்கியதில்லை. நான் படிக்கட்டில் நின்று கத்தினேன். கழுத்தில் வெண்கலத்தோடு அவளை நிறுத்திப் படம் எடுத்து, உடனே குரூப்பில் போட்டேன்.

ஒன்பதேகாலுக்கு அந்தப் பெண் வந்தாள். பள்ளிச் சீருடைக்குள் நீச்சல் உடை, தலையில் ஏற்கெனவே தொப்பி. கையில் அப்பாவின் போன். அதில் என் மகளின் படம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வரும்போதே பார்த்திருக்கிறாள்.

"அக்கா, முடிஞ்சிருச்சுங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். "மணி என்ன ஆவுது? எட்டு மணிக்கு இருக்கணும்னு தெரியாது?" அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"பத்து மணின்னு போட்டிருந்துச்சுங்க சார்."

"எவன் பத்துன்னு போட்டான்? ஒழுங்கா படிக்கிறதில்ல."

போனை எடுத்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. பத்து மணி. அந்தச் செய்தியின் மேல் விரலை அழுத்தினேன். எல்லோருக்கும் அழித்துவிடலாமா என்று போன் கேட்டது. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுவரை போனேன் என்பது நிஜம். அந்தக் கேள்வியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அப்போது அவள் அப்பா, "நாங்கதான் தப்பாப் படிச்சிருப்பமுங்க சார். புள்ளையத் திட்டாதீங்க. எனக்குப் படிப்பு அவ்வளவுதானுங்க" என்றார். சொல்லிவிட்டு, தப்பு தன்னுடையதேதான் என்பதுபோல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அவங்க சரியாத்தாங்க படிச்சிருக்காங்க. பத்துன்னு போட்டது நான்தான்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என் காதில் விழட்டும் என்றே, "அதான் இவங்க பொண்ணுக்கு மெடல் கெடச்சிருச்சே" என்றார். அதுவரை எனக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை. என் மகள் அதைக் கேட்டாள். கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி, துண்டுக்குள் சுருட்டிப் பையில் போட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பொம்மிடிப் பெண் பெண்கள் அறைக்குப் போய்விட்டாள். அழுதிருக்க வேண்டும். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் நீச்சல் போட்டி நடக்கிற இடத்தில் எல்லோருக்குமே கண் சிவந்துதான் இருக்கும். அவள் அப்பா என்னிடம் வந்து, "பரவால்லீங்கம்மா, மத்தியானம் ரிலே இருக்குதாம், அதுல எறங்கிக்கட்டும்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் ரிலேயில் நாலு பேரும் இறங்கினார்கள். என் மகள் மூன்றாவது, அவள் கடைசி. என் மகள் சுவரைத் தொட்டபோது எங்கள் அணி ஆறாவது இடத்தில் இருந்தது. பொம்மிடிப் பெண் குதித்தாள். தலை மேலே வரவே இல்லையோ என்று பயப்படும்படி நீந்தினாள். இரண்டு பேரைத் தாண்டினாள். நாலாவது இடம். நாலாவதற்கு ஒன்றும் கிடையாது. மாஸ்டர் மட்டும் ஸ்டாப்வாட்சை எங்களிடம் காட்டினார். "இந்த ஸ்பீடுல காலையில நீந்தியிருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டருக்குப் போன் போட்டு, இனிமேல் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். "ஏம்மா, ஒரு தடவ தப்பாப் போச்சுன்னா விட்டுருவீங்களா? நான் புள்ளைங்களுக்கு அப்படியா சொல்லித் தர்றேன்? எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல அந்த வாரத்து விவரங்களை ஒப்பிக்கத் தொடங்கினார். எழுதினேன். முதல் செய்தியாக, போன வாரம் நேரத்தைத் தவறாகப் போட்டது நான், அதனால் நம் அணியின் வேகமான பெண்ணால் நீந்த முடியாமல் போனது என்று எழுதி என் பெயரையும் போட்டேன். அதை எழுத முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு யாரும் கட்டைவிரல்கூடக் காட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. என் மகள் தானாகவே, "பொம்மிடிக்குப் போலாம்மா" என்றாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பையில் மெடலை எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

அவர்கள் வீட்டில் எங்களை எதிர்பார்க்கவில்லை. அவள் அம்மா, "வாங்க, வாங்க, வூட்டுல ஒன்னுமே இல்லியே" என்று சொல்லிக்கொண்டே ஒரு முறம் நிறைய வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் இருவரும் முதலில் கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் மகள் மெடலை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு? நீதான நீந்துன?" என்றாள் அவள்.

"நீ வந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்காது."

"ஆமா, கெடச்சிருக்காது." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "அடுத்த மீட்ல எங்கூட நீந்தி வாங்கு. இப்ப கெணத்துக்கு வர்றியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகளுக்கும்தான்.

கிணறு பெரிது, படி வைத்தது. பாதிக்குத் தண்ணீர் இருந்தது. பொம்மிடிப் பெண் மேட்டிலிருந்தே ஓடிவந்து குதித்தாள். இரண்டு வருடம் குளத்தில் நீந்திய என் மகள் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். குளத்தைப் போலக் கீழே நீலக் கோடு இல்லை, தரை தெரியவில்லை, வெறும் பச்சை.

"எவ்வளவு ஆழம்?"

"தெரியாது. யாரு அளந்தா? மேலதான நீந்தப் போற?"

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் பயம்தான், இருந்தாலும் தலையை ஆட்டினேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குளத்தில் ஒருநாளும் செய்யாத மாதிரி, கண்ணை மூடிக் குதித்தாள். மேலே வந்தபோது போட்ட சத்தம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை எட்டிப்பார்க்க வைத்தது. பொழுது சாயும்வரை இருவரும் ஏறவில்லை.

அடுத்த போட்டிக்கு நேரத்தை எழுதிவிட்டு, பொம்மிடிக்குப் போன் போட்டு வாயாலும் சொன்னேன். அவள் அப்பா, "ரெண்டு தரம் படிச்சிட்டமுங்கம்மா" என்று சிரித்தார். அந்தப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். என் மகள் ஐந்தாவது. அதன் பிறகு என் மகளுக்கு மெடல் எதுவும் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் நீச்சலை நிறுத்தினாள். இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பொம்மிடித் தோழி விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துப் போய், அங்கிருந்து உடற்கல்விப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள், என்னைப் பற்றியும் ஏதாவது பேசிச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மகள் நிறுத்தியதும் செய்தி எழுதும் வேலையை இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தேன். குரூப்பை விட்டு மட்டும் வெளியேறவில்லை. அந்த அம்மா எழுதுவதில்லை, குரலிலேயே பேசி அனுப்பிவிடுகிறார். பேர் தெரியாத பிள்ளைகள், புதுப்புது நேரங்கள். கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

போன கோடை விடுமுறையில் ஒருநாள் அந்த வழியாகப் போனவள், காலை ஏழு மணி இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். குளம் நிறையப் பிள்ளைகள். மாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகைக் காட்டி நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. ஓரமாக நீந்தி வந்த ஒரு சின்னப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, யாரக் கூட்டிட்டுப் போவ வந்தீங்க?"

"யாரையும் இல்ல கண்ணு. சும்மா பாக்க வந்தேன்."

"அப்ப அந்தப் பக்கம் போயி நான் திரும்பறத பாருங்க," என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்துப் போனாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.