பெல்ட் போடச் சொன்ன நாள்

மூன்று வருடங்களாக ஒரே காரில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தோம். அதில் ஒரு நாள்கூட அவர் என்னை சீட் பெல்ட் போடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

அவர் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். நான் வேதியியல் எடுக்கிறேன். பள்ளி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில்; எங்கள் வீடுகள் அருமனையைச் சுற்றி. பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ஒரு பெண்ணும் எங்களோடு வருவாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. கார் கணக்கு சாருடையது, ஓட்டுவதும் அவர்தான். நான் முன் இருக்கை, அவள் பின்னால்.

ஒரு வாரமாகவே அவர் பிரேக்கை மிதிக்கும் விதம் மாறியிருந்தது. வளைவு வருவதற்கு வெகு முன்பே இரண்டு தடவை படக் படக்கென்று மிதித்துவிட்டு மூன்றாவது தடவைதான் அழுத்துவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவரின் கால் நமக்கும் பழகிவிடுகிறது. என்ன சார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவார்; விட்டால் இரண்டு பஸ் மாறி, நனைந்த குடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போக வேண்டும். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது.

அன்று மதியம் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கும் அயனி மரத்தடி தெரியும். கணக்கு சார் தன் காரின் முன் சக்கரத்துக்கு அருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். காதில் போன். பேசும்போதே சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, செருப்புக் காலால் மண்ணைத் தள்ளித் தரையில் எதையோ மூடினார்.

அவர் வகுப்புக்குப் போன பிறகு நான் கீழே இறங்கிப் போனேன். அப்படி உளவு பார்ப்பது எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. மண்ணுக்கு அடியில் ஈரம். ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். விரலை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இப்படி வழுக்காது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

நாலரைக்குக் காரில் ஏறும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மத்தியானம் மரத்தடியில யாருக்கு சார் போன்?"

"வீட்டுக்கு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர், பெல்ட்டப் போட்டுக்கிடுங்கோ. நீயும் போடு மோளே."

"எனக்குமா? பின்னால இருந்தா யாரு சார் கேப்பா?" என்றாள் கிளார்க்.

"செக்கிங் உண்டுன்னு சொன்னாவ."

பின் இருக்கையின் பெல்ட் சீட்டுக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது. அவள் முனகிக்கொண்டே இழுத்துப் போட்டாள். அவரும் போட்டுக்கொண்டார், இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரண்மனை பார்க்க வந்த சுற்றுலா பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் வழக்கமாக அதன் பின்பக்கத்தை முட்டுவதுபோல நெருங்கி ஹாரன் அடிப்பார். அன்று நாலு வண்டி புகும் அளவு இடைவெளி விட்டு வந்தார். யார் முந்தினாலும் முந்திப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"என்ன சார், பொண்ணு அழைச்சிட்டுப் போற மாதிரி போறிய?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"ரோடு நனைஞ்சு கிடக்குல்லா."

வேர்கிளம்பி தாண்டினோம். நான் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று மிதி இப்போது ஐந்தாகியிருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்று ஆற்றூரில் ஒரு முறை வாய்வரை வந்தது. இறங்கி என்ன காரணம் சொல்வது? ஒரு மனிதர் உன்னை மூன்று வருடம் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவர் செருப்பால் மண்ணைத் தள்ளினார் என்பதற்காகச் சந்தேகப்படுவதா? சாலைக்கு இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம் வந்தது, வெளிச்சம் சட்டென்று குறைந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அருமனைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இறக்கம். நீளமான இறக்கம், அடியில் வலப்பக்கம் திரும்பும். திருப்பத்தில் ஒரு சிறிய கடையும் பஸ் நிற்கும் இடமும். இறக்கத்தின் தலைப்பில் அவர் மிதித்தார். கால் சத்தமில்லாமல் அடிவரை போனது. மறுபடி மிதித்தார். மறுபடியும் போனது.

"சார்?" என்றேன்.

அவர் கியரைக் கீழே தள்ளினார், வண்டி உறுமி ஒரு குலுங்கு குலுங்கியது. ஆனாலும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. கீழே திருப்பத்தில் பள்ளி வேன் ஒன்று நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"பிரேக் இல்ல. பிடிச்சுக்கிடுங்கோ!"

பின்னால் அவள் "ஏசுவே, ஏசுவே" என்று கத்தத் தொடங்கினாள். அவர் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார். ஈரத் தாரில் வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக வழுக்கியது. இடதுபக்கம் வெட்டி இறக்கிய மண் திட்டு. அதில் காரை வேண்டுமென்றே உரசவிட்டார். என் பக்கத்துக் கண்ணாடி பிய்ந்து போனது. கல்லும் வேரும் கதவில் உராயும் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. திட்டு ஓரிடத்தில் முடிந்து, தோட்டத்துக்குள் போகும் மண் பாதை ஒன்று திறந்தது. ஸ்டியரிங்கை அங்கே ஒடித்தார். கார் சகதியில் இறங்கி, புல்லை மிதித்துக்கொண்டு போய், ஒரு ரப்பர் மரத்தில் முட்டி நின்றது.

பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை ஒன்று மரத்திலிருந்து தெறித்து முன் கண்ணாடியில் விழுந்தது. மழைத்தண்ணீரும் வெள்ளைப் பாலும் கலந்து வழிந்தன. பெல்ட் என் தோளை அறுத்துவிட்டதுபோல எரிந்தது. கை கால் எல்லாம் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லல்லா? ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லல்லா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்க அவரால் முடியவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து இறக்கினார்கள், சோடா கொடுத்தார்கள். "சார் கெட்டிக்காரரு, இல்லன்னா அந்தப் பிள்ளையளுக்க மேல..." என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, "திடீர்னு போயிட்டு, திடீர்னு போயிட்டு" என்றார். அந்தச் சொல்லை அவர் இரண்டாம் முறை சொன்னபோது எனக்கு மரத்தடி மண் நினைவுக்கு வந்தது.

அருமனையிலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தான். நாற்பது வயது ஆள். குனிந்து சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான், முன்பக்க மூடியைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"சாறே, நான் மத்தியானமே போன்ல சொன்னேம்லா, வண்டிய எடுக்கப்பிடாதுன்னு?"

சுற்றி நின்றவர்கள் கணக்கு சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ அப்பிடியா சொன்ன?" என்றார் கணக்கு சார். "ஆயில ஊத்திட்டுப் பைய வாருங்கோ, நாளைக்குப் பாக்கலாம்னுதான சொன்ன?"

"நான் அப்பிடிச் சொல்லுவேனா? பிரேக் ஓஸ் பைப் பொட்டியிருக்கு, ஆயில் ஒழுகுதுன்னு நீங்க சொன்ன உடனே நான் சொன்னது, அங்கனயே போட்டுட்டு வாருங்கோன்னாக்கும்."

"பொய் சொல்லாத."

"எனக்கு எதுக்கு சாறே பொய்?"

கிளார்க் பெண் சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். மூன்று வருடத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அப்போ தெரிஞ்சுதான் எங்கள ஏத்தினியளா?"

அவர் உராய்ந்த கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நானும்தான வண்டிக்குள்ள இருந்தேன்," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்தாள் போல. நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும் என்று எப்படிச் சொல்ல? மண்ணைத் தொட்டுப் பார்த்த விரல் இது. எவ்வளவு கசிவு என்று தெரியாது, எந்த நேரம் பிரேக் போகும் என்று தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்தேன். அவளை எச்சரிக்காமல் ஏறி உட்கார்ந்தேன். அன்றும் அவளிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். வண்டி சகதியில் சறுக்கிவிட்டது என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். என் தோளில் இருந்த சிவந்த பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சறுக்கினதுக்கா இவ்வளவு?"

"ஆமா."

நம்பவில்லை என்பது அவர் தைலம் தேய்த்த விதத்திலேயே தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து நானும் அவளும் பஸ்ஸில் போனோம். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார் என் மேஜைக்கு எதிரேதான் உட்காருவார். நாலைந்து நாள் ஒருவரையொருவர் பார்க்காமல் பேப்பர் திருத்தினோம். ஒரு நாள் இடைவேளையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார். கறுத்துத் தடித்த ரப்பர்க் குழாய், ஒரு சாண் நீளம். நடுவில் வெடிப்பு.

"பாருங்கோ டீச்சர். மத்தியானம் பாக்கும்போது ஊசி முனை அளவுக்குத்தான் கசிஞ்சுது. அது பாதி வழியில இப்பிடிக் கிழியும்னு யாருக்குத் தெரியும்? அவன் வரலாம்னு சொன்னான். சத்தியமா சொன்னான்."

"அப்போ எதுக்கு சார் வீட்டுக்குப் போன் பண்ணினேன்னு சொன்னிய?"

அவர் குழாயைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். "ஒங்களப் பயப்படுத்த வேண்டாம்னுதான்."

அது உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளைகள்மேல் ஏறாமல் காரை மண்ணில் தேய்த்து நிறுத்திய மனிதர்தான் அவர். அந்த நிதானம் வேறு யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை. காரை அந்த இறக்கம்வரை கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டில் எதை வைத்து அவரைப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. "சரி சார்," என்றேன். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தோம், டைம்டேபிள் பற்றி, பரீட்சை பற்றி. வண்டி ரெடியானதும் "வாறியளா டீச்சர்?" என்று கேட்டார். பஸ் பழகிவிட்டது என்றேன். கிளார்க் பெண்ணிடம் அவர் கேட்கவே இல்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அருமனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒதுங்கிய கடை அந்த மெக்கானிக்கினுடையது. அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காராமலே கேட்டேன்.

"அன்னைக்கு சார் போன் பண்ணினப்போ நீ உண்மையில என்ன சொன்ன?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரை ஒரு துணியால் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இப்போ அது எதுக்கு டீச்சர்? சாறு இப்பவும் வண்டிய வேலைக்கு இங்கனதான் விடுதாரு."

"சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்."

"ஒரு நாளைக்கு இருவது போன் வருகு. என்ன சொன்னேன்னு எனக்கு இப்போ ஓர்மையில்ல."

அன்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்னவன். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து ஏதோ ஒரு சக்கரத்தின் போல்ட்டை முறுக்கத் தொடங்கினான், என் பக்கம் திரும்பவில்லை. மழை கொஞ்சம் குறைந்ததும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தேன்.