அரை மில்லி

கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அரை மில்லி'. கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்யும் பட்டறையில் கருவிழி வரைவது அவர் வேலை. நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், முடித்த கண்ணை அப்படியே ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்புறம் பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கறுப்பு வட்டத்துக்குக் கண்பாவை என்று பெயர் இருக்கிறதே தவிர, அது ஒரு பொருளே இல்லை. வெறும் ஓட்டை. வெளிச்சம் உள்ளே போகிற வழி. வெயில் பட்டால் சுற்றியுள்ள தசை அதைச் சுருக்கும், இருட்டில் விரித்துவிடும். நாம் சொல்லி நடப்பதுமில்லை, சொன்னால் நிற்பதுமில்லை. வரைந்த கண்ணுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. காலை மாலை எல்லாம் ஒரே அளவுதான். அதனால் வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, நல்ல கண்ணைத் திரும்பத் திரும்ப அளப்பார்.

அப்படி வந்து உட்கார்ந்தவள்தான் பின்னால் அவருக்கு மனைவியானாள். தையல் ஆலையில் ஊசி முறிந்து தெறித்ததில் அவளுக்கு இடது கண் போயிருந்தது. வலது கண்ணை அளந்தார். நாலு மில்லி. அதே அளவில் இடது கண்ணை வரைந்து பொருத்தி அனுப்பினார். மறுவாரமே திரும்பி வந்தாள்.

"வீட்டுல எல்லாரும் இந்தக் கண்ணு மட்டும் முழிக்குதுன்னு சொல்றாங்க."

மறுபடி அளந்தார். நாலேதான். பட்டறையில் அச்சு எடுப்பவர் அளவுகோலைப் பிடுங்கி, தானே அளந்து பார்த்தார். மூன்றரை.

"யோவ், கோல்ல ஒரு கோளாறும் இல்ல. உன்னைப் பாத்தாதான் அந்தப் பொண்ணுக்கு அரை மில்லி விரியுது!"

பட்டறையே சிரித்தது. அவருக்குக் காது வரை சூடேறியது. பயந்தாலும் பாவை விரியும், மனதுக்குப் பிடித்தவரைப் பார்த்தாலும் விரியும். இது எதனால் என்று தெரியாமல், "பயமா இருக்கா?" என்று அசடு வழியக் கேட்டார்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

முப்பத்தோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை பழைய கண்ணை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்றரையில் செய்கிறேன் என்று இவர் மன்றாடுவார். அவள் மசிய மாட்டாள்.

"நீங்க பாக்கும்போது ரெண்டும் சரியா இருக்குல்ல? அப்புறம் என்னங்க? மத்தவங்களுக்காகவா கண்ணு?"

பிறகு அவள் வயிற்றில் புற்று வந்தது. வலி தாங்காமல் துடித்தவளுக்கு ஆஸ்பத்திரியில் பலமான மருந்து ஏற்றினார்கள். வலி அடங்கியது. கூடவே வலது கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப்போனது. அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பயன்? முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தும் அது விரியவில்லை. யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல அவள் தன்னைப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"எவ்வளவு இருக்கு?" என்று அவள் கேட்பாள்.

"நாலு."

"பொய்."

ஒருநாள் காலை புதிதாக வந்த நர்ஸ் டார்ச்சை நேராக இடது கண்ணில் அடித்துவிட்டுப் பதறிப்போனாள். "ஐயா, வெளிச்சத்துக்குக் கண்ணு சுருங்கவே இல்ல!"

"அது நான் பண்ண கண்ணும்மா. இன்னொண்ணைப் பாரு."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நர்ஸே ஏமாந்துட்டா. இதுக்கு மேல உங்களுக்கு என்னங்க வேணும்?"

அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது. நாலாம் நாள் மதியம், ஜன்னல் வெளிச்சம் கட்டில் முழுக்க விழுந்து கிடந்தபோது, மூச்சு இழுத்து இழுத்து நின்றது. அவர் மணியை அழுத்தினார். பிறகு, பழக்கம் விடவில்லை, வலது கண்ணைப் பார்த்தார். வெளிச்சத்தில் சுருங்க வேண்டிய பாவை மெல்ல விரிந்துகொண்டிருந்தது. இரண்டு. மூன்று. மூன்றரை. நாலு. தசை பிடியை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணம், தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நெஞ்சு துள்ளிவிட்டது.

அந்த வார்டுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஓடி வந்து நாடி பார்த்தார், மார்பில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு வலது கண்ணில் டார்ச் அடித்தார். பாவை அசையவில்லை. கையைத் திருப்பி மணி பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"டாக்டர், அது நான் பண்ண கண்ணு" என்றார் அரை மில்லி. "இன்னொண்ணைப் பாருங்க."

டாக்டர் தயங்கி இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் நாலு மில்லி. அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டார்ச்சை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அரை மில்லி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் வரைந்த கண் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.