இரண்டு கைப்பேசிகளுக்கும் ஒரே டோக்கன்

என் மனைவி கொடுத்த சிறுநீரகம் எங்கள் மகளுக்கு ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு நின்றுபோனது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்றார்கள். ஆகவே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதற்குப் பதிவு செய்தோம். தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தவன் நான். எங்கள் விண்ணப்பத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. தொடர்பு எண்கள் இரண்டு: என்னுடையது, மகளுடையது.

ஒருமுறை மாற்றிக்கொண்ட உடம்பு அடுத்த உறுப்பை எதிர்க்கப் பழகிவிடுகிறது. பொருத்தம் அமைவது அரிது. டயாலிசிஸில் நான்கு ஆண்டுகள் போயின. கடைசியில் சீக்கிரம் கிடைக்க வேண்டிக்கொள்ள நானும் மகளும் பழனிக்குப் போனோம். அப்படி வேண்டினால் யாரோ ஒருவர் சாக வேண்டும் என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மலைக்கோயிலில் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. விதிப்படி இரண்டையும் அடிவாரத்தில் ஒப்படைத்து ஒரே டோக்கன் வாங்கினேன்.

இறங்கி வந்து பார்த்தால், இரண்டிலும் ஒரே எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். திருப்பி அழைத்தேன்.

"எங்க சார் போனீங்க? இம்புட்டு நேரமா அடிச்சோம். பொருத்தமா ஒண்ணு வந்துச்சு. அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு," என்றார் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர்.

மகள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டதைக் குடுத்துட்டாருப்பா. வாங்கிக்கத்தான் ஆள் இல்ல."

ஒன்றரை ஆண்டு ஆகிறது. எதிர்வீட்டு ஆசிரியையின் எண்ணையும் பதிவில் சேர்த்துவிட்டேன். மகள் மலையேறினால் நான் கைப்பேசியோடு அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக்கூட முதல் மணியிலேயே எடுத்துப் பதில் சொல்கிறேன். வேறு யாரும் இதுவரை அழைக்கவில்லை.