முருகேசண்ணன் படத்துக்கு விழுந்த மாலை

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் புளிப்பு வாடை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் நான் அங்கே நிற்கமாட்டேன். போடியில் எங்கள் தெருமுனைச் சுவரில்தான் சினிமாப் போஸ்டர் ஒட்டுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பாவாடை சட்டையோடு ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஐப்பசி மழையில் அந்தப் பசை காயாமல் ஒழுகிக்கொண்டிருக்க, அதன்மேல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் நீளக் கோட்டுமாக ஓர் ஆள் நின்றான். அவனுக்குப் பெயர் கிடையாது, நாற்பத்தொன்று என்ற எண் மட்டும்தான். நாட்டுக்காக வேவு பார்க்கிற உளவாளி. அவன் கதையில் ஏற்கெனவே இரண்டு படங்கள் வந்து ஊரைக் கிறங்கடித்திருந்தன, இது மூன்றாவது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவன்மேல் இருந்த பித்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று வியர்த்தவர்கள் உண்டு. அவன் பேரில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. என் அண்ணன் தங்கராசுதான் செயலாளர். தலைவர் எங்கள் தெரு முருகேசண்ணன். விடியற்காலையில் எங்கள் தெருவிலும் பக்கத்துச் சிலமலைக் கிராமத்திலும் கூலிக்குப் போகும் பெண்களை ஜீப்பில் நெருக்கி ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலத் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திரும்பக் கூட்டிவருவார். நல்ல உயரம், நல்ல தாடை. ஸ்டூடியோவில் கோட்டும் தொப்பியும் கண்ணாடியும் போட்டு அவர் எடுத்து வைத்திருந்த பெரிய படத்தைப் பார்த்தால் நிஜமான நடிகரே சந்தேகப்பட்டிருப்பார். "அண்ணே, நீங்க அப்பிடியே நாப்பத்தொண்ணுதேன்" என்று பையன்கள் ஏற்றிவிடுவார்கள். மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே அதை வேண்டாமென்று சொல்லமாட்டார்.

புதுப்படங்கள் மதுரையில் ஓடி ஓய்ந்துதான் எங்களுக்கு வரும். படப்பெட்டிக்கு முன்னால் சேதி வந்தது. மதுரைக்குச் சரக்கோடு போய்த் திரும்பிய ஏலக்காய்க் கடைக் கணக்கர் ஒருவர், "கடைசியில ஆளு செத்துப்போறான்யா" என்று டீக்கடையில் சொல்லிவிட, மன்றத்துப் பையன்கள் அவரைக் கீழத்தெரு வரை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. நானும் அம்மாவும் முதல் நாள் மேட்னி ஆட்டத்துக்குப் போயிருந்தோம். பனிமலையில் நாற்பத்தொன்று சுடப்பட்டு விழுந்தான். தூரத்தில் அவன் உடல்மேல் துணி போர்த்தினார்கள். "வணக்கம்" என்று சிலைடு விழுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விசில் இல்லை, அழுகை இல்லை, பெஞ்சு முனகுகிற சத்தம்கூட இல்லை. அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பிறகு ஒரு கிழட்டுக் குரல் மட்டும், "கடைசி ரீல திரும்ப ஓட்டுங்கய்யா, தப்பிச்சாலும் தப்பிச்சிருப்பாரு" என்றது. ஆபரேட்டர் என்ன நினைத்தாரோ, ஓட்டினார். அவன் இரண்டாவது தடவையும் செத்தான்.

அந்த வாரம் முழுக்க ஊரின் நடமாட்டமே மாறிப்போனது. பார்த்தவர்களே மறுபடி மறுபடி போனார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் துணிக்கு வெளியே விரல் அசைந்தது என்று ஒருவர் சத்தியம் செய்தார்; அசையவில்லை என்ற இன்னொருவரோடு அடிதடியாகிவிட்டது. ஒரு வழியாக, செத்தது செத்ததுதான் என்று மன்றம் ஏற்றுக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் செய்துவிடுவது என்று எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து முடிவெடுத்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. காரியம் என்றால் படம் வேண்டும், படத்துக்கு மாலை வேண்டும். ஆனால் நடிகர் மெட்ராசில் நல்லபடியாக உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் அவருக்கு என்ன ஆகுமோ என்று நினைத்த மாத்திரத்தில் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"என் படத்த வைங்கடா. தொப்பி, கண்ணாடிக்குள்ள எவன்னு தெரியப்போகுது?" என்றார் முருகேசண்ணன்.

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. அவரும் உயிரோடுதானே இருக்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம்டா, ஆகாத சோலி" என்றாள். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

தியேட்டர் வாசலில் நாற்காலி போட்டு, படத்தை நிறுத்தி, ரோஜா மாலை சாத்தி, விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தினார்கள். போகிற பஸ்சிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களுக்கு முருகேசண்ணனே காப்பி ஊற்றினார். "என் கருமாதிக் காப்பிய நானே ஊத்துறேன், குடிங்கப்பு" என்று அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் குலுங்கியது. யார் போய்ச் சொன்னார்களோ, அவர் சம்சாரம் பேச்சியம்மாள் அக்கா ஈரத் தலையோடு ஓடிவந்தாள். படத்தைப் பார்த்தாள். மாலையைப் பிடுங்கி மிதித்தாள். விளக்கை ஊதி அணைத்தாள். "தாலியோட நிக்கிறேன்டா நானு. ஒருத்தனுக்குமா கண்ணு தெரியல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் கலையும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது. மலையில் தங்கி வேலை செய்கிற பெண்கள் சிலர் சந்தைக்கு இறங்கி வந்த பஸ்சிலிருந்து மாலையும் விளக்குமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். தொப்பியும் கண்ணாடியும் அவர்களை ஏமாற்றவில்லை. தினமும் பார்க்கிற தாடை. டிரைவர் செத்துப்போனார் என்று மேலே போய்ச் சொல்லி, தோட்டம் பூராவும் அழுதிருக்கிறார்கள். அடுத்த நாள் மூடுபனிக்குள்ளிருந்து விளக்கு எரிய அவர் ஜீப்பு வளைவில் திரும்பியதும் தூக்குவாளிகளைப் போட்டுவிட்டு ஓடியவர்களில் ஒருத்தி ஏலச்சரிவில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டாள். மெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளி, கிளாசை நீட்டப்போன கையை மடக்கிக்கொண்டு, "இயாளு மரிச்சுபோயதல்லே?" என்று, செத்துப்போன ஆளல்லவா இது என்கிற மாதிரி, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாராம்.

விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தீரவில்லை. சினிமாவுக்காக வைத்த படம் என்று தெரிந்தவர்களும், "இருந்தாலும் காரியம் பண்ணியாச்சுல்ல" என்று இழுத்தார்கள். அவர் ஜீப்பில் ஏற ஆளில்லை. கங்காணி, "மூட்டை லோடு மட்டும் ஏத்திக்கப்பா, பொம்பளைக பயப்படுதுக" என்றுவிட்டார். தெருவில் அவர் வரும்போது பேச்சு நிற்கும். எதிரே வருகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைத் தவிர்த்தார்கள். திட்டம் போட்டு அல்ல, வாய் வரவில்லை, அவ்வளவுதான். என் அண்ணன், அவர் தோளில் தொங்கிக்கொண்டே வளர்ந்தவன், அவர் கொடுத்த வெற்றிலையைத் தூணோரம் வைத்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். அவரும் மெல்ல மெல்ல அடங்கிப்போனார். கடை வாசலில் நிற்பார், இன்னது வேண்டுமென்று கேட்கமாட்டார். அவர்களாகக் கவனிக்கட்டும் என்று காத்திருப்பார். சில நாள் வெகு நேரம் காத்திருப்பார்.

மார்கழியில் ஒரு நாள் அவர் ஜீப்பு மெட்டுப் பாதையில், பாறையோரமாக ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தப்பட்டுக் கிடந்தது. சாவி அதிலேயே இருந்தது. ஆள் இல்லை. போலீசும் தோட்டத்து ஆட்களும் குரங்கணிப் பக்கம் வரை சரிவெல்லாம் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பெரியவர்கள் பேச்சியம்மாள் அக்காவிடம் போய், ஆகவேண்டியதைப் பார்க்கலாமா என்று பக்குவமாகக் கேட்டபோது, அவள் தலையைத் தூக்காமல், "அதேன் ஊரே கூடிப் பண்ணிட்டீகளே, இன்னும் எத்தன தடவ?" என்றாள். பொட்டை அழிக்கவே இல்லை. அடுத்த பள்ளி விடுமுறைக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பொட்டிபுரத்துக்குத் தாய்வீட்டோடு போய்விட்டாள்.

அதற்கு அடுத்த தீபாவளிக்கு நான்காவது படம் வந்தது. இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையில் ஒரு கதவு திறந்து நாற்பத்தொன்று உள்ளே வந்தான். தியேட்டர் இடிந்துவிழும் போல விசில். காகிதம் பறந்தது, ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், வெளியே சரவெடி. அன்றைக்குப் பனியில் சுடப்பட்டது அவனில்லை, அவன் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு அவனுக்குப் பதிலாகப் போன வேறொருவன் என்று திரையில் யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறொருவன் யார் என்று படத்தில் கடைசிவரை சொல்லவில்லையாம். எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் மட்டும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அவன் சினிமாவுக்கே போகவில்லை.

அந்தத் தியேட்டர் இப்போது ஏலக்காய் குடோன். மன்றம் இல்லை, கடைசி ரீலைத் திரும்ப ஓட்டச் சொல்கிற ஊரும் இல்லை. எந்தப் படத்தில் யார் செத்தார்கள் என்பதைப் போனிலேயே பார்த்துவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம். விடியற்காலை ஜீப்புகள் மட்டும் இன்னும் மெட்டு ஏறுகின்றன. ஊருக்குப் போகும்போது நான் அந்த நேரத்தில் வெளியே வருவதில்லை. அண்ணன்தான் குற்றவாளி என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஜீப்பு கிடைப்பதற்கு மூன்று நாளுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மலையிலிருந்து இறங்கும் அத்தைக்காக முந்தல் ரோட்டில் தனியாக நின்றிருந்தேன். தூறல், மலையை மறைத்துக்கொண்டு பனி ரோடு வரை இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து காலி ஜீப்பு ஒன்று சத்தம் குறைந்து வந்து பக்கத்தில் நின்றது. முருகேசண்ணன் இறங்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஆத்தா, பயப்படாத. ஒரு தடவ தொட்டுப் பாரு. சுடுதா, சில்லுன்னு இருக்கான்னு மட்டும் சொல்லு. எனக்கே தெரியமாட்டேங்குது."

தூறல் அந்தக் கையில் விழுந்து, ரோமத்தோடு ரோமமாக ஒட்டிக்கொண்டு நின்றது. எந்தப் பேயின் கையிலும் மழை அப்படி நிற்காது என்று பத்து வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் ஓடினேன்.