செல்வராஜ் அண்ணன் குடித்திருக்கவில்லை

பண்டாரவளையில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் அண்ணனின் மனைவி சரோஜா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். நிமோனியா காய்ச்சலோடு அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். அழுகை வருமென்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அண்ணனை அறியாதவர்கள் படிக்க வேண்டும். எங்கள் பழைய முதலாளியும் படிக்க வேண்டும்.

ஸ்பிரிங்வெளி தோட்டத்துச் செல்வராஜ் அண்ணன் பதுளை–அப்புத்தளை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் டிரைவர். "ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை" என்று அவர் ஒரே மூச்சில் கூவினால் பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும். கைப்பிள்ளைக்காரி நிற்க, வாலிபன் உட்கார்ந்திருந்தால் விடமாட்டார். "மாப்ள, காலு ரெண்டும் வீட்லயா இருக்கு?" என்பார். தீபாவளிக்குக்கூட பிளேன்டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

ஒருநாள் தெமோதரையில் ஒரு பயணி, "இது எந்த எடம்?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. பிறகு மெதுவாக, "பதுளை, ஹாலிஎல" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, "தெமோதரை!" என்றார்.

"என்னண்ணே?" என்றேன்.

"பேரு எங்கயோ ஒளிஞ்சிக்குது தம்பி. பதுளையில இருந்து போனாத்தான் ஆம்புடுது."

அதன் பின் டிக்கெட் 'அந்தத் தாளு' ஆனது. சில்லறைப் பை 'தோள்ல தொங்குறது' ஆனது. பதுளையில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "அல்சைமர் நோயோட ஆரம்பம். மூளையில பொருளையும் பேரையும் சேர்க்குற வழிகள் பழுதாகுது. பொருள் தெரியும், பேரு வராது. மனப்பாடமா வரிசையாச் சொல்றது மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்" என்றார். இதை நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்.

நான் ஒரு கல்யாணத்துக்கு மொனராகலை போயிருந்த நாளில் முதலாளி பஸ்ஸில் ஏறினார். யாரோ இடத்தின் பெயரைக் கேட்க, அண்ணன் பதுளையிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினார். "குடிச்சிருக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, தெமோதரை தாண்டி, தேயிலைத் தொழிற்சாலை இருக்கும் ஸ்டோர் வளைவில் மழைக்குள் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண்கள், "ஐயா, வீடு எங்கங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பதுளையிலிருந்து அப்புத்தளை வரை சொல்லியிருக்கிறார், மறுபடியும் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிங்வெளி அந்த வரிசையில் இல்லையே! தெரிந்த ஒருவர் பார்த்துக் கூட்டிவரும்போது இருட்டிவிட்டது.

முதலாளி அதோடு விட்டாரா? குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். பிறகு எந்த பஸ்ஸும் அண்ணனைச் சேர்க்கவில்லை. நானும் சாவியை முதலாளி மேசையில் போட்டுவிட்டு வேறு பஸ்ஸுக்குப் போனேன். "நான் குடிக்கலப்பா, சொல்லு" என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். மற்ற சொற்கள் போன பிறகும் அந்த வார்த்தை நெடுநாள் இருந்தது.

அடக்கத்துக்கு முதலாளி பெரிய மலர்வளையத்தோடு வந்தார். குழியருகே மண் போடக் குனிந்தபோது கையைப் பிடித்தேன்.

"இவர எந்த எடத்துல எறக்கிவிட்டீங்க? பேரச் சொல்லிட்டு மண்ணு போடுங்க."

"அது... தெமோதரைக்கு அங்கிட்டு... அந்த... ஒரு வளைவு..."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவசரப்படாமல் கேட்டேன்: "குடிச்சிருக்கீங்களா மொதலாளி?"

கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு அவர் போனார். சரோஜா அக்கா அவர் போவதை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

பிறகு குழியருகே குனிந்து, பதுளையிலிருந்து தொடங்கி அப்புத்தளை வரை அண்ணனைப் போலவே கூவினேன். வரிசையில் இல்லாத ஸ்பிரிங்வெளியையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

"வீடு வந்துருச்சுண்ணே. எறங்குங்க."